ஜப்பானில் புவிப் பௌதிகம் வேரூன்றிய வரலாறு: ஒரு திறனாய்வு

ஒரு நாடு ஒரு விஞ்ஞானத்தைத் தனக்கு உரியதாக்கிக் கொண்டது என்று எப்போது சொல்லலாம்? கருவிகளை விலை கொடுத்து வாங்கியபோதா? அவற்றை இயக்கத் தெரிந்த அயல்நாட்டு ஆசிரியரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தியபோதா? பல்கலைக் கழகத்தில் அத்துறைக்கென ஒரு பேராசிரியர் இருக்கை அமைத்தபோதா? அல்லது, அந்த இருக்கையில் அமர்ந்தவரை அவருக்குக் கீழிருப்பவர் மறுத்துப் பேசவும் இடம் கொடுத்தபோதா? இந்நான்கு வினாக்களுக்கும் விடை தேட விரும்புவோர்க்கு, ஜப்பானில் புவிப் பௌதிகம் வளர்ந்த வரலாற்றைப் போல் தெளிவான சான்று வேறு எளிதிற் கிடைக்காது.

பூமியைப் பௌதிக முறைகளால் அளந்தும் கணித்தும் ஆராயும் துறையே புவிப் பௌதிகம். நிலநடுக்கம், புவியின் காந்தம், ஈர்ப்பு, பூமியின் அச்சு அசையும் அசைவு, கடலின் திடீர் எழுச்சி ஆகிய யாவும் அதனுள் அடங்கும். தமிழ்நாட்டார் இன்று இதனைப் 'புவி இயற்பியல்' என வழங்குவர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

ஜப்பானில் இத்துறை தோன்றியதைப் பற்றி வழங்கும் கூற்றுகள் இரண்டு. ஆங்கில நூல்களிற் பெரிதும் காணப்படுவது, ஜான் மில்ன் என்னும் ஆங்கிலேயரை நிலநடுக்க ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றி, அவரிடம் ஜப்பானியர் பாடம் கேட்டனர் என்று முடிப்பது. மற்றொன்று நாட்டுப் பற்றிலிருந்து எழுந்தது. அயலார் வந்தனர், சென்றனர், உண்மையான பணியைச் செய்தவர் ஜப்பானியரே என்பது. முதற் கூற்று விதையை மட்டும் பார்க்கிறது. இரண்டாவது அறுவடையை மட்டும் பார்க்கிறது. இடையில் உழுதவர் யார், நீர் பாய்ச்சியவர் யார், களை எடுக்க மறந்தவர் யார் என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

கெளுத்தி மீனும் அஞ்சலட்டையும்

1855-ஆம் ஆண்டின் இறுதியில் எடோ நகரை, அதாவது பிற்காலத்து டோக்கியோவை, கடும் நிலநடுக்கம் ஒன்று தாக்கியது. ஆயிரக் கணக்கானோர் மாண்டனர். அடுத்த சில வாரங்களில் நகரெங்கும் வண்ண அச்சுப் படங்கள் விற்பனைக்கு வந்தன. பூமிக்கடியிற் கிடக்கும் மாபெரும் கெளுத்தி மீன் ஒன்று புரள்வதால் நிலம் நடுங்குகிறது என்றும், காஷிமாத் தெய்வம் ஒரு கல்லைக் கொண்டு அதன் தலையை அழுத்தி வைத்திருக்கிறது என்றும், அத்தெய்வம் வெளியூர் சென்ற வேளை பார்த்து மீன் துள்ளிவிட்டது என்றும் அப்படங்கள் கூறின. பூமியைத் தாங்கும் ஆதிசேடன் தலையை அசைத்தால் நிலம் அதிரும் என்று கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் அப்படங்களில் குறும்பும் உண்டு. நடுக்கத்தினால் வேலை பெருகிய தச்சர்கள் மீனுக்கு நன்றி பாராட்டுவதாகவும் ஓவியர்கள் தீட்டியிருந்தனர். துன்பம் வந்தால் யார் பிழைக்கிறார், யார் சாகிறார் என்பதை அந்நாட்டுப் பொதுமக்கள் அன்றே கவனித்திருந்தனர் என்பதற்கு அது அடையாளம்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1880 பிப்ரவரி 22-ஆம் நாள் யோக்கோஹாமாவில் ஒரு நடுக்கம் ஏற்பட்டது. சேதம் பெரிதன்று, புகைபோக்கிகள் சரிந்தன, சுவர்கள் வெடித்தன. ஆயினும் அங்கே குடியிருந்த மேனாட்டாரை அது உலுக்கிவிட்டது. 1868-இல் ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசு, நாட்டைப் புதுப்பிக்கும் பொருட்டு மேனாட்டு வல்லுநர் பலரை நல்ல ஊதியத்தில் வரவழைத்திருந்தது. சுரங்கவியலும் நிலவியலும் கற்பிக்க மில்ன் 1876-இல் வந்தார். பொறியியல் கற்பிக்க ஜேம்ஸ் ஈவிங் 1878-இல் வந்தார். யோக்கோஹாமா நடுக்கத்தை அடுத்து, மில்னின் முயற்சியால் அவ்வாண்டே ஜப்பான் நிலநடுக்கக் கழகம் நிறுவப்பட்டது. இத்துறைக்கென்றே உலகில் தோன்றிய முதற் கழகம் அது. தலைவராக ஹத்தோரி இச்சிசோ என்னும் ஜப்பானியர் அமர்ந்தார், உறுப்பினருட் பெரும்பாலோர் அயலார், வெளியீடுகள் ஆங்கிலத்தில்.

அதுவரை இருந்த கருவிகள் நிலம் நடுங்கிற்று என்பதை மட்டும் அறிவித்தன. எப்படி நடுங்கிற்று, எந்த நொடியில் எவ்வளவு நகர்ந்தது என்பதை அவை சொல்லவில்லை. நிலம் அசையும்போது தான் அசையாமல் நிற்கும்படி தொங்கவிடப்பட்ட கனமான ஊசற்குண்டு ஒன்று, சுழலும் கண்ணாடித் தட்டின் புகைப்படிவில் ஊசியாற் கோடு கீறும்படி ஈவிங் அமைத்தார். நடுக்கம் அன்று முதல் எழுத்தாயிற்று. கருவியின் பெருமை யாருக்கு உரியது என்று அவருக்கும் மில்னுக்கும் பின்னர் மூண்ட பூசல் அவ்வளவு அழகியதன்று. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. மில்னின் சிறப்பு வேறொன்றில் இருந்தது. அவர் ஊர் ஊராக அரசு அலுவலர்களுக்கு அஞ்சலட்டைக் கட்டுகளை அனுப்பினார். வாரந்தோறும் ஓர் அட்டையில், தத்தம் ஊரில் உணரப்பட்ட நடுக்கங்களைக் குறித்து அனுப்ப வேண்டும் என்பதே அவர் கேட்டது. கருவி இல்லாத ஊர்களில் மனிதர்களே கருவியாயினர். எப்பக்கத்திலிருந்து நடுக்கங்கள் மிகுதியாக வருகின்றன என்பது அந்த அட்டைகளால் விளங்கலாயிற்று.

ஆயினும் இக்கழகத்தை ஜப்பானிய விஞ்ஞானம் என்று அழைக்க முடியுமா? முடியாது. வந்தவர் சென்றால் அது கலையும். அவ்வாறே 1892-இல் கலைந்தும் போயிற்று.

இருக்கையின் பொருள்

கலையாமல் நின்றது வேறொன்று. ஈவிங்கிற்கு உதவியாளராக இருந்த செக்கியா செய்கெய் என்பவரை 1886-இல் டோக்கியோப் பல்கலைக் கழகம் நிலநடுக்கவியற் பேராசிரியராக நியமித்தது. உலகில் எப்பல்கலைக் கழகத்திலும் அதற்கு முன் அப்படி ஓர் இருக்கை இருந்ததில்லை. இலண்டனும் பெர்லினும் காணாத ஒன்றை, பல்கலைக் கழகம் என்ற அமைப்பையே ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் 1877-இல் தொடங்கிய நாடு கண்டது. செக்கியா நோயாளி, 1896-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் செய்தவற்றுள் இன்றும் நினைக்கப்படுவது ஒரு கம்பிச் சுருள். 1887 ஜனவரியில் நேர்ந்த நடுக்கத்தின்போது மண்ணின் ஒரு துகள் எவ்வழியெல்லாம் அலைந்தது என்பதை, கருவியின் பதிவைக் கொண்டு கணக்கிட்டுச் செம்புக் கம்பியை வளைத்துக் காட்டினார். பார்ப்பதற்குக் குழந்தை கிறுக்கிய கோடு போலிருக்கும் அக்கம்பி, நிலம் ஒரே திசையில் ஊசலாடுகிறது என்ற எளிய எண்ணத்தைப் பொய்யாக்கிற்று.

இருக்கை என்பது பெருமைக்குரிய நாற்காலி மட்டும் அன்று. அயல்நாட்டு ஆசிரியரின் ஒப்பந்தம் முடிந்தால் அவரது கேள்விகளும் அவரோடு கப்பலேறிவிடும். இருக்கை இருந்தால் கேள்வி ஊரிலேயே தங்கும். ஒருவர் மறைந்தால் அவர் மாணாக்கர் அதனைத் தொடர்வர். 1895-இல் தம் வீடு தீக்கிரையான பின் மில்ன் தம் ஜப்பானிய மனைவியுடன் இங்கிலாந்து திரும்பினார். டோக்கியோவில் ஆராய்ச்சி ஒரு நாளும் நிற்கவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1880-இல் அமெரிக்கரான மெண்டன்ஹால் தம் மாணாக்கரைப் பூஜி மலையுச்சிக்கு அழைத்துச் சென்று புவியீர்ப்பை அளந்தார். அம்மாணாக்கருள் ஒருவர் தனகாதாத்தே அய்கித்சு. அவரே 1887-இல் நாட்டின் காந்த அளவையை ஸ்காத்லாந்துக்காரரான நாட் என்பவருடன் சேர்ந்து நடத்தினார்; பின்னர் கிளாஸ்கோவில் கெல்வின் பிரபுவிடம் பயின்று திரும்பினார். நிலநடுக்கவியல் என்ற ஒற்றைக் கிளையாக நின்றுவிடாமல், ஈர்ப்பு, காந்தம், அச்சின் அசைவு என்று புவிப் பௌதிகம் முழு மரமாக வளர்ந்ததற்குத் தனகாதாத்தே பெரிதும் காரணர். ஜப்பானிய மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் முறையொன்றை வகுத்தவரும் அவரே. பௌதிகப் பேராசிரியர் ஒருவர் எழுத்துச் சீர்திருத்தத்தில் இறங்கியது வியப்பன்று. எந்த மொழியில் கற்பிப்பது, எந்த எழுத்தில் எழுதுவது என்பது அத்தலைமுறை விஞ்ஞானிகளுக்கு உயிர்க் கேள்வியாக இருந்தது.

அதற்கு அவர்கள் கண்ட விடை தமிழாசிரியர்கள் நின்று கவனிக்கத் தக்கது. வகுப்பறையில் ஆங்கிலம் படிப்படியாக விலக, ஜப்பானிய மொழி அமர்ந்தது. ஆராய்ச்சிக் குழுவின் நீண்ட அறிக்கைகள் ஜப்பானிய மொழியில் வெளிவந்தன. நாட்டுப் பொறியாளரும் தச்சரும் ஊராட்சியாளரும் படிக்க வேண்டியவை அவை. உலக அறிஞர்க்கு உரியவை தனி வரிசையாக அயல்மொழிகளில் வெளிவந்தன. தாய்மொழியா ஆங்கிலமா என்று ஒன்றை வைத்து ஒன்றை அடிக்கும் வாதத்தில் அவர்கள் பொழுது போக்கவில்லை. எதை யாருக்குச் சொல்வது என்று பிரித்துக் கொண்டனர்.

செங்கல் சரிந்த காலை

1891 அக்டோபர் 28-ஆம் நாள் காலை, நடு ஜப்பானில் மினோ, ஓவாரி சமவெளியை உலுக்கிய நடுக்கம் 7,273 பேரைக் கொன்றது. நாகோயாவில் மேனாட்டு முறையிற் கட்டிய செங்கல் நூற்பாலை சரிந்தது. நகாரா ஆற்றின்மீது கட்டிய இரும்பு இரயில் பாலம் வீழ்ந்தது. இந்நிகழ்ச்சியைப் பற்றிச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழக வரலாற்றறிஞர் கிரகரி கிளான்சி 2006-இல் 'நிலநடுக்க நாடு' எனப் பொருள்படும் பெயரில் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். கல்லும் இரும்பும் நாகரிகம், மரமும் காகிதமும் பின்தங்கிய நிலை என்று மேனாட்டார் சொன்ன பாடத்தின் மீதிருந்த நம்பிக்கையை அந்தக் காலை அசைத்துவிட்டது என்று அவர் காட்டுவது சிறந்த கருத்து. நிலநடுக்கவியலைக் கருவிகளின் கதையாக மட்டும் எழுதாமல், வீடு கட்டுவோரின் கதையாகவும் எழுதியது அந்நூலின் அருஞ்செயல். ஆனால் அதன் எல்லை 1868 முதல் 1930 வரை. 1891-இல் பிறந்த தன்னம்பிக்கை பிற்காலத்தில் எங்கே போய் முட்டியது என்பதை அறிய, அந்த எல்லைக்கு அப்பாலும் செல்ல வேண்டியிருக்கிறது.

அந்த நடுக்கத்தால் நேயோப் பள்ளத்தாக்கில் நிலம் நெடுந்தூரம் பிளந்து, மிதோரி என்னும் ஊரில் ஒரு பக்கம் 6 மீட்டர் அளவு உயர்ந்து நின்றது. பிளவின் படத்தைப் பார்ப்பவர் எவரும், நடுக்கத்தால் நிலம் பிளந்தது என்றே எண்ணுவர். நிலவியற் பேராசிரியர் கோத்தோ புஞ்சிரோ அதனைத் தலைகீழாகப் பார்த்தார். நிலம் பிளந்து நழுவியதாலேயே நடுக்கம் உண்டாயிற்று என்று 1893-இல் எழுதினார். விளைவாகத் தோன்றியது காரணம். காரணமாகத் தோன்றியது விளைவு. இன்று உலகெங்கும் பாடநூல்களில் உள்ள கருத்துக்கு அதுவே முன்னோடி. இந்தக் கேள்வியை எந்த அயல்நாட்டு நூலும் அவருக்குக் கொடுக்கவில்லை. மிதோரியின் வயல்கள் கொடுத்தன.

1892-இல் பேரரசு நிலநடுக்க ஆராய்ச்சிக் குழு அமைந்தது. பிரபுக்கள் சபையில் அதற்காக வாதாடியவர் கணிதப் பேராசிரியர் கிக்குச்சி தைரோக்கு. அயலார் நடத்திய கழகம் கலைந்த அதே ஆண்டில் அரசின் குழு பிறந்தது என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டும். அக்குழுவின் உயிராக விளங்கியவர், செக்கியாவிற்குப் பின் இருக்கையேறிய ஓமோரி புசாகிச்சி. பெருநடுக்கத்திற்குப் பின் தொடரும் சிறு நடுக்கங்கள், நாளாக நாளாக எவ்வளவு விகிதத்திற் குறையும் என்பதற்கு 1894-இல் அவர் கண்ட விதி, 1961-இல் உட்சு என்பவரின் திருத்தத்தோடு இன்றும் வழங்குகிறது. அவர் அமைத்த கருவிகள் பல நாடுகளுக்குச் சென்றன. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ அழிந்தபோது ஆராய்வதற்கு அவர் அங்கே சென்றார். ஜப்பானியர்மீது வெறுப்பு மண்டியிருந்த அந்நகரின் வீதியில் அவர் தாக்கப்பட்டார். மாணாக்க நாடு ஆசிரிய நாடாயிற்று என்பதை எல்லோரும் விரும்பவில்லை போலும்.

மிசுசாவாவின் மதிப்பெண்

பூமியின் அச்சு சிறிதே தள்ளாடுகிறது என்பதை அளப்பதற்கு, ஒரே அகலக்கோட்டில் உலகைச் சுற்றி ஆறு நிலையங்கள் 1899-இல் அமைந்தன. ஆசியாவின் கிழக்கில் அமைந்தது வட ஜப்பானிலுள்ள மிசுசாவா. அதன் தலைவர் கிமுரா ஹிசாஷிக்கு அப்போது வயது முப்பதுகூட நிறையவில்லை. ஜெர்மனியில் பாட்ஸ்டாம் நகரிலிருந்த நடு அலுவலகம் எல்லா நிலையங்களின் கணக்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மிசுசாவாவின் அளவுகளிற் பிழை மிகுதி என்று குறைந்த மதிப்பளித்தது. கிமுரா கருவியைப் பிரித்துப் பார்த்தார்; பழுதில்லை. பிறகு பிற நிலையங்களின் கணக்குகளையும் எடுத்துப் பார்த்தார். எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஓர் உறுப்பைச் சூத்திரத்திற் சேர்த்தால் பிழை நீங்குவதையும், அப்போது மிசுசாவாவின் அளவுகள் யாரினும் தாழ்ந்தவை அல்ல என்பதையும் 1902-இல் காட்டினார். குறை மிசுசாவாவில் இல்லை. எல்லோரும் பயன்படுத்திய சூத்திரத்தில் இருந்தது. அவ்வுறுப்பு ஏன் தோன்றுகிறது என்பது 1970-இல்தான் விளங்கிற்று. பூமியை உட்கரு உருகாத கெட்டிப் பந்தாகக் கொண்டு கணக்கிட்டதே அதற்குக் காரணம் என்று வாக்கோ யசுஜிரோ காட்டினார்.

எங்கோ இருந்த மேலதிகாரி பிழை என்று சொன்னதும் கிமுரா தலை குனிந்து திருத்தியிருந்தால், உண்மை தப்பியிருக்கும். பாட்ஸ்டாமை மறுக்க ஜப்பானிய விஞ்ஞானிக்கு இயன்றது. ஆனால் டோக்கியோவை மறுக்க இயன்றதா?

ஓமோரியும் இமாமுராவும்

இவ்வரலாற்றில் வலி மிகுந்த பகுதி இதுவே. இமாமுரா அகிட்சுனே, ஓமோரிக்கு இரண்டு வயது இளையவர். அதே துறையில் ஊதியமற்ற துணைப் பேராசிரியர். இராணுவப் பள்ளியிற் கற்பித்துப் பிழைத்தவர். 1896-இல் சன்ரிக்குக் கரையில் ஏறத்தாழ 22,000 பேரை விழுங்கிய பேரலைக்குக் கடலடித் தரை பெயர்ந்ததே காரணம் என்று 1899-இல் எழுதியவர் அவர். அன்று அதனை ஏற்றவர் சிலரே. கடற்கோள் என்ற பழஞ்சொல்லை வைத்திருந்த தமிழர், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நாகப்பட்டினமும் பினாங்கும் கெடாவும் பட்டபின் ஜப்பானியரின் 'சுனாமி'யை எடுத்துக் கொண்டனர். அச்சொல்லின் பின்னால் இப்படியொருவர் நிற்பது பலருக்குத் தெரியாது.

1905 செப்டம்பரில் 'தையோ' என்னும் இதழில் இமாமுரா ஒரு கட்டுரை எழுதினார். நகரங்களில் நிலநடுக்கத்தால் உயிருக்கும் உடைமைக்கும் நேரும் கேட்டைக் குறைக்கும் எளிய வழி என்பது அதன் தலைப்பின் பொருள். பழைய பதிவுகளை எண்ணிப் பார்த்தால், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் டோக்கியோவைப் பெருநடுக்கம் தாக்கக்கூடும். தண்ணீர்க் குழாய்கள் உடையும். தீயை அணைக்க முடியாது. இலட்சம் பேருக்கு மேல் மாளலாம். ஆகவே மண்ணெண்ணெய் விளக்குகளை ஒழிக்க வேண்டும் என்றார். மூன்று மாதம் சலனமில்லை. 1906 ஜனவரியில் ஒரு நாளேடு ஐம்பது ஆண்டுக் கணக்கையும் இலட்சம் பிணங்களையும் மட்டும் பொறுக்கியெடுத்துப் பெரிய எழுத்தில் வெளியிட்டது. நகரம் கலங்கிற்று. இருக்கையின் தலைவரான ஓமோரி, இமாமுராவின் கூற்று ஆதாரமற்ற வதந்தி என்று மறுப்பு எழுதினார். 1915-இல் சிறு நடுக்கங்கள் தொடர்ந்தபோது, ஓமோரி வெளியூரில் இருக்கையில் இமாமுரா மக்களை எச்சரிக்கப் போய், மீண்டும் கண்டனத்துக்கு ஆளானார்.

1923 செப்டம்பர் முதல் நாள், பகல் 11 மணி 58 நிமிடம். வீடுதோறும் உணவுக்கு அடுப்பெரிந்த நேரம். நடுக்கத்தில் வீழ்ந்த வீடுகள் பற்றிக் கொண்டன. தண்ணீர்க் குழாய்கள் உடைந்திருந்தன. ஏறத்தாழ 1,05,000 பேர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவர்களுட் பெரும்பாலோர் தீயில் மாண்டவர். ஹோஞ்சோவில் இராணுவ உடைக் கிடங்கின் வெற்றிடத்தில் தஞ்சம் புகுந்தோருள் மட்டும் சுமார் 38,000 பேர் கருகினர். அந்நேரம் ஓமோரி ஆஸ்திரேலியாவில் இருந்தார். சிட்னி நகரின் ரிவர்வியூ ஆராய்ச்சி நிலையத்தில், கருவியின் ஊசி கீறிய கோட்டிலே தம் நகரின் அழிவை அவர் பார்த்தார். நோயுற்றுத் திரும்பிய அவர், அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் நாள் காலமானார். இமாமுரா பேராசிரியரானார்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இமாமுராவை வீரராகவும் ஓமோரியைக் கயவராகவும் ஆக்கிவிடுகின்றனர். அது நாடகத்துக்குப் பொருந்தும், திறனாய்வுக்குப் பொருந்தாது. இமாமுராவின் ஐம்பதாண்டுக் கணக்கு விஞ்ஞான நிச்சயம் உடையதன்று. சில பழைய நடுக்கங்களின் இடைவெளிகளைக் கொண்டு சராசரி கண்டதே அது. அவ்வளவு சிறிய சான்றின்மீது அவ்வளவு பெரிய முடிவைக் கட்டலாகாது என்று ஓமோரி கருதியது தவறன்று. வதந்தி கொல்லும் என்று அவர் அஞ்சியதும் வீண் அச்சமன்று. 1923-இல் தீ அணையுமுன்னரே, கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர் என்று பரவிய பொய்யால் கொரியர் ஏராளமானோர் கொலையுண்டனர்.

அவ்வாறாயின் ஓமோரியின் பிழை எது? நடுக்கம் எப்போது வரும் என்ற கேள்வியை மறுக்கும் வேகத்தில், வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியையும் சேர்த்துப் புதைத்ததே அவர் பிழை. இமாமுராவின் கட்டுரைத் தலைப்பில் 'எப்போது' என்ற சொல்லே இல்லை. விளக்கும் குழாயும் தீயும் பற்றி அவர் எழுதியதற்கு ஐம்பதாண்டுக் கணக்கு தேவையே இல்லை. ஆனால் இருக்கை ஒன்றே, குரல் ஒன்றே என்று அமைந்த துறையில், ஒரு கட்டுரையின் ஒரு பாதியை மறுத்து மறுபாதியை ஏற்கும் பழக்கம் வளரவில்லை. நாட்டின் விஞ்ஞானம் நாட்டை அமைதிப்படுத்தும் வாயாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அரசு அளித்த இருக்கையின் விலை அது.

மில்லிமீட்டர்களின்மீது ஒரு சட்டம்

1925-இல் பழைய குழு கலைக்கப்பட்டு, டோக்கியோப் பல்கலைக் கழகத்தில் நிலநடுக்க ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நடுக்கங்களை எண்ணிப் பட்டியலிட்டது போதும், நிலத்தின் பௌதிகத்தை ஆராய வேண்டும் என்ற குரல் ஓங்கியது. நகவோக்கா ஹந்தாரோ, தெராதா தொராஹிக்கோ போன்ற பௌதிக அறிஞர் துறைக்குள் வந்தனர். அடுத்த பெரிய கண்டுபிடிப்போ பல்கலைக் கழகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. நடு வானிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணி செய்த இளைஞர் வதாத்தி கியோ, நூற்றுக் கணக்கான கிலோமீட்டர் ஆழத்திலும் நடுக்கங்கள் பிறக்கின்றன என்பதை 1928-இல் நிறுவினார். அவ்வாழத்து நடுக்கங்கள் சாய்ந்த ஒரு தளத்தில் அடுக்கியிருப்பதையும் பின்னர் காட்டினார். கடற்றரை கண்டத்தின் அடியில் அமிழ்கிறது என்று 1960-களில் தெளிந்தபோதே அந்தத் தளத்தின் பொருள் முழுதும் விளங்கிற்று. இருக்கைக்கு அப்பாலும் விஞ்ஞானத்துக்கு இடம் இருந்ததால் கிடைத்த பயன் அது.

ஓய்வு பெற்ற இமாமுரா சும்மா இருக்கவில்லை. அடுத்த பெருநடுக்கம் தென்மேற்குக் கரையில் வரும் என நம்பிய அவர், கீ தீபகற்பத்திலும் ஷிக்கோக்குவிலும் தனியார் பொருளுதவியோடு கண்காணிப்பு நிலையங்கள் வைத்தார். போர்க் காலத்தில் அவை நலிந்தன. 1944 டிசம்பர் 7-ஆம் நாள் அக்கரையில் பெருநடுக்கம் வந்தது. போரின் பொருட்டு அச்செய்தி நாளேடுகளில் அடக்கப்பட்டது. 1946 டிசம்பரில் மற்றொன்று வந்தது. 1948-ஆம் ஆண்டின் முதல் நாள் இமாமுரா காலமானார்.

1944 நடுக்கத்தின்போது வியப்பான ஒன்று நேர்ந்தது. இமாமுராவின் வற்புறுத்தலால் இராணுவ நில அளவையினர் அன்று கக்கேகாவா என்னும் ஊரருகே தரையின் உயரத்தை அளந்து கொண்டிருந்தனர். நடுக்கத்துக்கு முந்திய நாளும் அன்று காலையும் எடுத்த அளவுகளில் சில மில்லிமீட்டர் வேறுபாடு தெரிந்தது. பெருநடுக்கத்துக்கு முன் நிலம் மெல்லச் சாய்ந்து அறிவிப்புக் கொடுத்தது என்று பின்வந்தோர் பொருள் கொண்டனர். 1976-இல் இஷிபாஷி கத்சுஹிக்கோ, தோக்காய்ப் பகுதியில் பெருநடுக்கம் நெருங்குகிறது என்று கூறியபின், 1978-இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. கருவிகளில் அத்தகைய அறிகுறி தெரிந்தால் அறிஞர் குழு கூடும்; பிரதமர் எச்சரிக்கை விடுப்பார்; இரயில்கள் நிற்கும். அந்நம்பிக்கையின் முதன்மையான ஆதாரம் கக்கேகாவாவின் சில மில்லிமீட்டர்களே. அவை உண்மைச் சாய்வா, அளந்தோரின் பிழையா என்ற ஐயம் தீரவில்லை. சிறிய சான்றின்மீது பெரிய முடிவு என்று இமாமுராவைக் கடிந்த துறை, அவருடைய எச்சத்தின்மீதே அதனினும் பெரிய முடிவைக் கட்டியது. இம்முறை மறுத்துப் பேசியோர் இருந்தனர். டோக்கியோப் பல்கலைக் கழகப் பேராசிரியராக இருந்த அமெரிக்கர் ராபர்ட் கெல்லர் அவருள் ஒருவர். ஆனால் சட்டமும் நிதியும் ஒரு பக்கம் இருந்தன.

தோக்காயில் அல்ல, யாரும் அவ்வளவாகக் கவனியாத கோபேயில், 1995 ஜனவரி 17-ஆம் நாள் 6,434 பேர் மாண்டனர். 2011 மார்ச் 11-ஆம் நாள் வடகிழக்குக் கடலில் 9.0 அளவில் பெருநடுக்கம் எழுந்தது. இரண்டுக்கும் முன்னறிவிப்பு இல்லை. 2017-இல் அரசின் அறிஞர் குழு, நாளும் பொழுதும் குறித்து உறுதியாக முன்னறிவிப்பது இயலாது என ஒப்புக் கொண்டது. பழைய எச்சரிக்கை முறை கைவிடப்பட்டது.

2024 ஆகஸ்ட் 8-ஆம் நாள் கியூஷு அருகே கடலில் 7.1 அளவு நடுக்கம் ஏற்பட்டபோது, புதிய முறைப்படி முதல் அறிவிப்பு வெளியாயிற்று. டோக்கியோப் பல்கலைக் கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் செய்தியாளர்முன் அமர்ந்து, பெருநடுக்கம் வரும் என்று சொல்லவில்லை, வரும் வாய்ப்பு வழக்கத்தினும் உயர்ந்திருக்கிறது என்றே சொல்கிறோம் என விளக்கினார். தண்ணீர் சேமித்து வைக்கவும், அலமாரிகளைச் சுவரோடு பிணைக்கவும், மேட்டு நிலத்துக்கு ஓடும் வழியைத் தெரிந்து வைக்கவும் மக்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு வாரம் சென்றது. பெருநடுக்கம் வரவில்லை. ஆகஸ்ட் 15-ஆம் நாள் அறிவிப்பு விலக்கப்பட்டது. கடற்கரை ஊர்களின் விடுதிக்காரர்கள், வராமற் போன விருந்தினரால் நேர்ந்த நட்டத்தைக் கணக்கிட்டுக் கொண்டிருந்தனர்.